மைக்ரோவேவுக்குள் ஒரு மிஸ்டு கால்

செல்போனை மைக்ரோவேவ் ஓவனுக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, வெளியே இருந்து ஒரு ரிங் கொடுத்துப் பார்த்திருக்கீங்களா? (ப்ளக்கைப் பிடுங்கிட்டுத்தான் பாஸ்! ஓவன் ஓட ஆரம்பிச்சா, அப்புறம் ரிங் கொடுக்கப் போனே இருக்காது.)

பல வீடுகளில் உள்ளே இருந்து ரிங்டோன் கேட்கும். அவ்வளவுதான், அம்மா முகம் மாறிடும். காரணம், ஃபேமிலி குரூப்பில் அடிக்கடி வந்து விழுகிற அந்த ஃபார்வர்டு. உள்ளே வெச்ச போன் அடிச்சா ஓவன் கதிர்வீச்சைக் கசிய விடுதுன்னு அர்த்தமாம். அன்னையிலிருந்து ஓவன், பழைய பேப்பர் அடுக்கி வைக்கிற ஸ்டாண்டாக மாறிவிடும்.

இதுக்கு நேர் எதிர்க் கட்சியும் ஒண்ணு உண்டு. 2013 ஜூன் மாசம், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன் ஹாங்காங்கில் பதுங்கி இருந்தார். தன்னைப் பார்க்க வந்த வக்கீல்களிடம், செல்போன்களை முதலில் ஃபிரிட்ஜுக்குள் வையுங்க என்று சொன்னதாகச் செய்தி வந்தது. அன்றிலிருந்து, போனை ஃபிரிட்ஜுக்குள் வெச்சா எவனும் ஒட்டுக் கேட்க முடியாது என்று நம்புகிற கோஷ்டி ஒன்று உருவாகிவிட்டது.

ஒருத்தர் சொல்றார், இரும்புப் பெட்டியே கசியுது, ஆபத்து என்று. இன்னொருத்தர் சொல்றார், ஃபிரிட்ஜே போதும், ஈ எறும்பு நுழையாது என்று. ரெண்டு பேருமே ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். சிக்னலைப் 'தடுக்குது', 'தடுக்கலை' என்று ரெண்டே பதில்தான் இருக்குன்னு நினைக்கிறாங்க. ரேடியோ அலை அப்படி வேலை செய்வதில்லை. எவ்வளவு தடுக்குது என்பதுதான் கேள்வி. அதைத்தான் இந்த வாரம் அலசப் போகிறோம்.

கொசுவலைத் தத்துவம்

1836ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஒரு காரியம் செய்தார். 12 அடிக்கு 12 அடி சதுரத்தில் ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய கூண்டு ஒன்றைக் கட்டி, சுற்றிலும் உலோகத்தைப் போர்த்தி, அதற்கு வெளியே இருந்து மின்சாரத்தைப் பாய்ச்சச் சொன்னார். கருவிகளை எடுத்துக்கொண்டு அவரே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். வெளியே தீப்பொறி பறந்தது. உள்ளே இருந்த கருவிகளில் ஒரு சலனமும் இல்லை. மின்சாரம் உலோகத்தின் வெளித்தோலோடு நின்றுவிட்டது. இதைத்தான் ஃபாரடே கூண்டு என்று பிசிக்ஸ் புக்கில் படிச்சு, ரெண்டு மார்க் வாங்கி, மறந்திருக்கிறோம்.

செல்போன் சிக்னலும் மின்சாரம், காந்தம் ரெண்டும் கலந்த அலைதான். உலோகத்தில் மோதினால் பெரும்பகுதி திரும்பிப் போய்விடும். அப்படியென்றால் ஓவன் கதவில் ஏன் அத்தனை ஓட்டை?

கொசுவலையை நினைச்சுக்கோங்க. காற்று நுழையும், கொசு நுழையாது. ஓட்டையைவிடக் கொசு பெரிசு. ஓவனுக்குள் ஓடுகிற அலையின் அதிர்வெண் 2.45 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுச் சல்லடையில் இருக்கிற ஓட்டையோ ஒன்றிரண்டு மில்லிமீட்டர். 12 சென்டிமீட்டர் 'கொசு' அதில் நுழைய முடியாது. வெளிச்சத்தின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அது ஜாலியாக வெளியே வரும். அதனால்தான் உள்ளே சுற்றுகிற பிரியாணி தெரிகிறது, அதைச் சூடாக்குகிற அலை வருவதில்லை.

சரி, வலையை நல்லாக் கட்டிட்டு, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகாமல் விட்டால்? ராத்திரி முழுக்கக் கச்சேரிதான். ரேடியோ அலைக்கும் அதே கதை. இங்கே ஒரு விசித்திரம் என்னன்னா, இடுக்கு எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதுதான் முக்கியம். காகிதம் மட்டுமே நுழையக்கூடிய மெல்லிய இடுக்காக இருக்கட்டும். அதன் நீளம் அலைநீளத்தில் பாதியைத் தொட்டுவிட்டால், அந்த இடுக்கே ஒரு ஆன்டெனாவாக மாறி அலையை உள்ளே கடத்திவிடும். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலைக்கு 16 சென்டிமீட்டர் இடுக்கு போதும். வைஃபைக்கு 6 சென்டிமீட்டர்.

ஓவன் கதவைச் சுற்றியும் இடுக்கு இருக்கத்தானே செய்யுது? இருக்கு. அதுக்குத்தான் இன்ஜினீயர்கள் ஒரு தந்திரம் வெச்சிருக்காங்க. கதவின் விளிம்பில், பிளாஸ்டிக் பட்டைக்குப் பின்னால், சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும். அதன் ஆழம் அலைநீளத்தில் கால் பங்கு, அதாவது ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். வெளியே ஓடப் பார்க்கிற அலை அந்தப் பள்ளத்துக்குள் போய்த் திரும்பி வந்து, தன்னைத்தானே அடித்துக்கொண்டு அடங்கிவிடும். ஆனால் இந்தப் பள்ளம் 2.45 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை. 900, 1800 மெகாஹெர்ட்ஸில் வருகிற செல்போன் அலைக்கு அது தொளதொள. அந்த அலையை ஓவன் தடுக்கணும்னு யாரும் அதை டிசைன் பண்ணவே இல்லை.

எத்தனை பூஜ்ஜியம், அதைச் சொல்லு!

இப்போ மெயின் மேட்டர். சிக்னல் குறைவதை டெசிபலில் சொல்வார்கள். பயப்படாதீங்க, கணக்கு ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு 10 டெசிபலும் ஒரு பூஜ்ஜியம். 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு. 20 என்றால் நூறில் ஒன்று. 40 என்றால் பத்தாயிரத்தில் ஒன்று.

டவரிலிருந்து உங்க போனுக்கு வந்து சேருகிற சிக்னல் எவ்வளவு தெரியுமா? நல்ல கவரேஜ் உள்ள இடத்தில் மைனஸ் 70 டிபிஎம் இருக்கும். தமிழில் சொன்னா, ஒரு மில்லிவாட்டில் ஒரு கோடியில் ஒரு பங்கு. இதுதான் 'ஃபுல் டவர்'! அதிலிருந்து இன்னும் பத்தாயிரம் மடங்கு குறைந்து மைனஸ் 110க்குப் போனாலும், பல போன்கள் தட்டுத் தடுமாறி ஒரு காலை எடுத்துவிடும். அவ்வளவு கூர்மையான காது அதுக்கு.

ஒரு கணக்குக்கு, உங்க வீட்டு ஓவன் 40 டெசிபல் தடுக்குதுன்னு வெச்சுக்குவோம். வெளியே மைனஸ் 70. உள்ளே மைனஸ் 110. போன் அடிக்கும்! இப்போ அதே ஓவனைத் தூக்கிட்டுப் போய், டவர் தள்ளி இருக்கிற தாத்தா ஊரில் வையுங்க. அங்கே வெளியிலேயே மைனஸ் 95தான். உள்ளே மைனஸ் 135. போன் கப்சிப். ஓவன் அதே ஓவன், கதவு அதே கதவு. மாறினது டவரின் தூரம் மட்டும்தான். ஆக, அந்த ஃபார்வர்டு டெஸ்ட்டில் பரீட்சை எழுதுவது ஓவன் இல்லை. உங்க ஏரியா டவரும் உங்க போனும்தான். மார்க் மட்டும் ஓவனுக்குப் போடுறாங்க.

அதே 40 டெசிபலை ஓவன் பக்கமும் போட்டுப் பார்ப்போம். 800 வாட் ஓவன். பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் 80 மில்லிவாட். உங்க வீட்டு வைஃபை ரவுட்டர் நாள் முழுக்க அனுப்புவது சுமார் 100 மில்லிவாட். போன் 'அடித்துவிட்ட' அந்த ஓவன்கூட ஒரு ரவுட்டர் அளவுக்குத்தான் கசிகிறது. இதுக்குச் சட்டமும் உண்டு. அமெரிக்காவில் 1971லிருந்து இருக்கிற விதிப்படி, ஓவனின் ஆயுள் முழுக்க, அதன் பரப்பிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக் கூடாது. 50 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் அதுவும் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும்.

அப்போ ஓவனில் பயப்பட எதுவுமே இல்லையா? இருக்கு, ஆனா வேற இடத்தில். கதவு கோணலாகிவிட்டது, கொக்கி உடைந்திருக்கிறது, சல்லடை கிழிந்திருக்கிறது, விளிம்பு துருப்பிடித்திருக்கிறது, கதவைத் திறந்தாலும் ஓடுகிறது... இதில் ஒண்ணு இருந்தாலும் அந்த ஓவனைத் தொடாதீங்க. போன் அடிக்காட்டியும் தொடாதீங்க! நாமே கழட்டிப் பார்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரும் எடுக்காதீங்க. ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

விஞ்ஞானிகளையே ஏமாத்தின லன்ச்

துளியூண்டு கசிவும் கூர்மையான காதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சூப்பர் கதை நடந்தது.

நியூ சவுத் வேல்ஸில் பார்க்ஸ் ரேடியோ டெலஸ்கோப் இருக்கிறது. 64 மீட்டர் அகலத் தட்டு. 1961லிருந்து வேலை செய்கிறது. 1969ல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் நடந்த காட்சிகளை உலகத்துக்கு டிவியில் கொண்டுவந்ததில் இதுக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் 1998லிருந்து அவ்வப்போது ஒரு மர்ம சிக்னல் பதிவாகிக்கொண்டே வந்தது. வானத்திலிருந்து வந்த மாதிரியே இருக்கும். ஆனால் டெலஸ்கோப்பின் 13 'காதிலும்' ஒரே நேரத்தில் கேட்கும். தூரத்து நட்சத்திரத்திலிருந்து வந்தால் அப்படிக் கேட்காது. பக்கத்திலேதான் ஏதோ இருக்கு. என்னன்னு தெரியலை. ஒரு கற்பனை மிருகத்தின் பெயரை எடுத்து 'பெரிட்டான்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் பெரிய சிக்கல் ஒண்ணு இருந்தது. 2007ல் அதே டெலஸ்கோப்பின் பழைய பதிவிலிருந்து, வெகுதொலைவிலிருந்து வந்த அதிவேக ரேடியோ வெடிப்பு ஒன்றை விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள். வானியலில் புது அத்தியாயமே அதில்தான் தொடங்கியது. பெரிட்டானும் பார்க்கக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருந்ததால், அந்தக் கண்டுபிடிப்பு மேலேயே சந்தேகம் விழுந்தது. ஒரு துறையின் மானமே ஊசலாடியது என்று சொல்லலாம்.

2015ல் இதை உடைத்தது எமிலி பெட்ராஃப் தலைமையிலான குழு. அப்போது அவர் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி மாணவி! டெலஸ்கோப் வளாகத்தில் புதிதாக வைத்த கண்காணிப்புக் கருவியைப் பார்த்தபோது, பெரிட்டான் வந்த அதே நேரத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு சிக்னல் இருந்தது. நேரத்தைப் பார்த்தால், ஆட்கள் வேலையில் இருக்கிற பகல் பொழுது. சந்தேகம் நேரே மைக்ரோவேவ் ஓவன் மேல் விழுந்தது.

ஓவனை ஓடவிட்டுப் பார்த்தார்கள். டைம் முடிந்து தானாக நின்றபோது ஒன்றும் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தார்கள். டெலஸ்கோப் சரியான திசையில் திரும்பியிருந்தபோது... பெரிட்டான் ஆஜர்! கதவு திறந்ததும் உள்ளே இருக்கிற மேக்னட்ரான் அணையும். அணைகிற அந்தக் கண நேரத்தில் அது வேறொரு அதிர்வெண்ணில் ஒரு சின்ன அலறல் விட்டுவிட்டுத்தான் போகும். பசி பொறுக்காமல் 'டிங்' சத்தத்துக்கு முன்னாடியே கதவைத் திறந்த யாரோ ஒருத்தர்தான் வில்லன்.

நல்ல செய்தி என்னன்னா, அந்த 2007 அறிவிப்பு பிழைத்தது. அந்த வெடிப்பின் தன்மை ஓவனோடு ஒத்துப்போகவில்லை. கசிவு நிஜம். ஆனால் அங்கே சாப்பிட்டவர்களுக்கு அது ஆபத்தா என்பது வேறு கேள்வி. டெலஸ்கோப்புக்குக் கேட்டதாலேயே அது ஆபத்தாகிவிடாது.

வீட்டுக்குள்ளே ஒரு ரவுண்ட்

மத்த சாமான்களையும் ஒரு ரவுண்ட் பார்த்துடலாம்.

ஃபிரிட்ஜ்: வெளியே இரும்புத் தகடு, உள்ளே பிளாஸ்டிக், நடுவில் ஃபோம். கதவு ஓரத்தில் காந்தம் வைத்த ரப்பர். குளிர் வெளியே போகாது, ஆனால் உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. கதவைச் சுற்றி மீட்டர் கணக்கில் இடுக்கு. சிக்னல் குறையும், சாகாது. ஃபோமும் கதவும் சேர்ந்து அறையின் பேச்சுச் சத்தத்தை அமுக்கும் என்பது மட்டும் உண்மை. போனின் மைக்குக்குப் பேச்சு எட்டாமல் இருக்க அது உதவும். டவரிடமிருந்து ஒளிய அதை நம்பாதீங்க.

வாஷிங் மெஷின்: டிரம் என்னவோ எவர்சில்வர்தான். ஆனால் முன்பக்கம் திறக்கும் மாடலில் அந்த வட்டக் கண்ணாடி ஒரு ஜன்னல். மேலே திறப்பதில் பிளாஸ்டிக்கோ கண்ணாடியோதான் மூடி. போன் தாராளமாக அடிக்கும். (துணியோடு போனையும் போட்டுட்டுத் தேடுறவங்களுக்கு இது நல்ல செய்தி. மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி மட்டும்!)

பிரஷர் குக்கர்: கனமான அலுமினியம், பார்க்கக் கோட்டை மாதிரி. கோட்டைக்குள் ஓட்டை கேஸ்கட்டில் இருக்கு. ரப்பர் ஆவியை நிறுத்தும், அலையை நிறுத்தாது. எவர்சில்வர் டிபன் பாக்ஸிலும் மூடியில் ரப்பர் வளையம் இருந்தால் இதே கதைதான். ரப்பர் இல்லாமல் இறுக்கி மூடுகிற பழைய தூக்குவாளி இதைவிடத் தேவலாம்.

பீரோ: ரெண்டு கதவுக்கும் நடுவில் ஆளுயர இடுக்கு. லாக்கருக்குள் லாக்கர் இருந்தாலும் நம்ப முடியாது.

அலுமினிய ஃபாயில்: கப்பு இதுக்குத்தான்! வைஃபை அதிர்வெண்ணில், அலுமினியத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு ஆழம் போவதற்குள்ளேயே அலை பெரும்பாலும் அடங்கிவிடும். சப்பாத்தி சுற்றுகிற ஃபாயில் அதைவிடப் பல மடங்கு தடிமன். ஓரங்களை நல்லா மடித்து, இடுக்கில்லாமல் ரெண்டு மூணு சுற்று சுற்றினால் போதும். ஆயிரக்கணக்கில் விலை போட்ட ஓவனை, சில ரூபாய் ஃபாயில் ஜெயிச்சிடும். கனம் முக்கியமில்லை, இடுக்கு இல்லாததுதான் முக்கியம்.

ரவுட்டருக்கு வாஸ்து

இதெல்லாம் எதுக்கு? கேம்பஸ் இன்டர்வியூவின் முதல் ரவுண்டு ஆன்லைனில் நடக்கிற காலம் இது. நீங்க டை கட்டி, தலை வாரி உட்கார்ந்திருக்கிறப்போ, ஹெச்.ஆர் கேட்ட கேள்வி பாதியில் உறைஞ்சு நின்னா எப்படி இருக்கும்?

முதலில் ரவுட்டர் எங்கே இருக்குன்னு பாருங்க. அழகா இல்லைன்னு டிவிக்குப் பின்னாடி, பீரோ மேலே, பாத்திர ஷெல்ஃப் பக்கத்தில், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருப்பாங்க. இந்த உலோகச் சாமான்கள் எதுவும் சிக்னலை முழுசாத் தடுக்காது. ஆனால் ஆளுக்கொரு பூஜ்ஜியமாகப் பிடுங்கிக்கொள்ளும். வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், கொஞ்சம் உயரத்தில் வையுங்க. ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற தண்ணீர் பாட்டில், பக்கத்தில் இருக்கிற மீன் தொட்டி எல்லாம் அலையை உறிஞ்சும். அவங்களையும் வழியிலிருந்து ஒதுக்குங்க.

ஓவனும் 2.45ல்தான் ஓடுகிறது, பழைய வைஃபையும் புளூடூத்தும் 2.4ல்தான். ஓவனின் துளிக் கசிவு உங்களை ஒன்றும் செய்யாது. ஆனால் வைஃபையின் காதில் அது பக்கத்து வீட்டு மைக் செட். இன்டர்வியூ நேரத்தில் அம்மா பால் சூடு பண்ணினால் வீடியோ திக்கலாம். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதுக்கு மாறுங்க, ஓவன் தொல்லை ஓவர். ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும். அதனால ரவுட்டர் இருக்கிற அறைக்கே நாற்காலியைக் கொண்டு போங்க.

இந்த வார வேலை

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதிக்குள் சிம் ஸ்டேட்டஸ் போய்ப் பாருங்க. சிக்னல் எத்தனை டிபிஎம் என்று காட்டும். அந்தத் திரையை வெச்சுக்கிட்டே ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணுங்க. போனை டிபன் பாக்ஸ், குக்கர், ஃபிரிட்ஜ், ப்ளக் பிடுங்கின ஓவன் என்று ஒவ்வொண்ணுலேயும் ஒரு நிமிஷம் வைத்து எடுங்க. அப்புறம் வீடியோவை ஓட்டிப் பார்த்து, வெளியே எத்தனை, உள்ளே எத்தனை என்று நோட்டில் எழுதுங்க. கழித்தால் வருவதுதான் அந்தப் பெட்டியின் மார்க். ஹாஸ்டல் நண்பனை அவன் ஊரில் இதையே செய்யச் சொல்லி, ரெண்டு கணக்கையும் ஒப்பிடுங்க.

ரிங் அடிச்சதா இல்லையா என்பதை யார் வேணா சொல்லலாம். எத்தனை பூஜ்ஜியம் குறைஞ்சதுன்னு சொல்றவன்தான் அளந்தவன். அடுத்த தடவை ஃபேமிலி குரூப்பில் எந்த டெஸ்ட் வந்தாலும், அதைச் செய்து பார்ப்பதற்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது எதை அளக்குதுன்னு சொல்லுது, நிஜமா எதை அளக்குது?

பி.கு: அம்மாவிடம் ஓவனைப் பற்றி இதைச் சொல்லும்போது டெசிபல், டிபிஎம் எல்லாம் வேண்டாம். "கதவு சரியா மூடுதாம்மா, விளிம்பு சுத்தமா இருக்கா?" என்று மட்டும் கேட்டு, ஒரு ஈரத் துணியை எடுத்து நீங்களே துடைச்சுக் கொடுங்க. ஃபார்வர்டைவிட வேகமா வேலை செய்யும்!